ரேடியோ சலூனும் வக்கீலம்மாவின் தலைமுடியும்

சலூனின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் வேறு. அது என்னவென்று தெருவில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள். ரேடியோ கடை என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். காலையில் கடைக்காரர் இரும்புக் கதவை மேலே தள்ளும்போது தொடங்குகிற அவர் பேச்சு, மாலையில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டி அள்ளும்வரை நிற்காது. மழை ஏன் பெய்யவில்லை, பெய்தால் சாக்கடை ஏன் நிரம்புகிறது, பல் வைத்தியர் தன் சொத்தைப் பல்லை ஏன் கவனிப்பதில்லை, எந்த வீட்டு மருமகன் எந்த வேலையை விட்டான் என்று எல்லாம் உண்டு. விளம்பரம் மட்டும் கிடையாது. அவசரக்காரர்கள் தெருமுனையில் இருக்கும் ஏசி கடைக்குப் போய்விடுவார்கள். நேரமும் காதும் உள்ளவர்கள் இங்கே வருவார்கள்.

ஆனால் இந்த ரேடியோ யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசாது. தொழில் அப்படி. நாற்காலியில் இருப்பவரின் பின்னால் நின்று, அவர் பிடரியைப் பார்த்துத்தான் பேச்சு. அது கண்ணாடியில் பட்டு அவர் காதுக்குத் திரும்பி வரும். கையில் கத்தரி, முன்னால் ஒரு தலை, இந்த இரண்டும் இருந்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அருவியாகக் கொட்டும். அதே ஆளை எதிரும் புதிருமாக உட்காரவைத்து ஒரு வார்த்தை கேளுங்கள், கல்லுளிமங்கன்! பெண் பார்க்கப் போன அன்று மாமியார் உள்ளே போய், "பையன் பேசுவானா, இல்ல பிறவியிலேயே இப்படியா?" என்று கவலைப்பட்டது குடும்பத்தில் இன்றும் ஓடும் சிரிப்பு.

கட்டிக்கொண்ட மனைவி ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறார். விடியலில் போய் மாவு பிசைந்து, அடுப்பில் தட்டுகளைத் தள்ளி, மதியம் திரும்பும்போது புடவையெல்லாம் புளித்த மாவின் வாசனை. வாசலில் கால் வைத்ததும் ரேடியோ மூக்கை உறிஞ்சுவார். "வந்தாச்சா என் ரொட்டி?" என்பார். அந்தம்மாவும் இத்தனை வருஷமாக முகத்தைச் சுளித்துக்கொண்டே சந்தோஷப்படுகிறார். ஒரே மகள் படித்து வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். கடன் இல்லை, சர்க்கரை இல்லை, முட்டி வலி உண்டு. வாழ்க்கையில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தெருவே நினைத்திருந்தது.

கடையின் பெஞ்சில் நிரந்தரமாக ஒருவர் இருப்பார். மனைவியின் அண்ணன், ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் எல்லா ஃபிரிட்ஜும் நன்றாக இருக்கும் நாட்களில் அவருக்கு இந்த பெஞ்சுதான் ஆபீஸ். செய்தித்தாளை உரக்க வாசிப்பது அவர் தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. ஒருநாள் அப்படித்தான் வாசித்துக்கொண்டு போனார். சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், எத்தனை வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பழைய விஷயங்களுக்கும் பொருந்துமாம். பாதிரியார்கள் செய்ததற்கு, அவர்களை நியமிக்கிற ஆயரின் மறைமாவட்டத்தையே கோர்ட்டுக்கு இழுக்கலாமாம். ஆனால் பழைய விஷயங்களுக்கு இந்தக் கதவு கொஞ்ச காலம்தான் திறந்திருக்குமாம்.

கத்தரிச் சத்தம் நின்றது. பேச்சும் நின்றது. நாற்காலியில் இருந்த தபால்காரர் கரண்டு போய்விட்டதோ என்று மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் நிமிர்ந்து கண்ணாடியில் மச்சானின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர், பேப்பரை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் வாசிக்கவில்லை.

இப்போது பழைய கதையைச் சொல்லிவிடலாம், நீட்டி முழக்காமல். சிறுவனாக இருந்தபோது ரேடியோ மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்கிற பையன். வெள்ளை அங்கி, கையில் மணி, அம்மாவுக்குப் பெருமை தாங்காது. அப்போது கோயில் பாதிரியாராக இருந்த பங்குச்சாமியை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த மனிதர், பூசை உடுப்புகள் வைக்கும் அறையில், ஒரு குழந்தைக்கு யாரும் செய்யக் கூடாததைச் செய்தார். ஒரு தடவை அல்ல. பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மாலை போட்டு, மேளம் அடித்து அனுப்பினார்கள். பையன் அதன் பிறகு கோயிலுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தான். காரணம் சொல்லத் தெரியவில்லை. அம்மா விளாசித் தள்ளினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

அந்த வயதில்தான் பையன் ஒன்றைக் கண்டுபிடித்தான். சும்மா இருந்தால் "ஏன்டா ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கிறார்கள். பேசிக்கொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்று ஆன் செய்த ரேடியோ அது. ஆயிரம் நிலையம் பிடித்தது, ஒரு செய்தியை மட்டும் வாசிக்கவே இல்லை.

இல்லை, ஒரே ஒரு தடவை வாசித்தது. மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் வயது வந்தபோது, அவளை அதற்கான வகுப்புக்கு அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நாலு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியின் இளநரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார் ரேடியோ. அந்தம்மா ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாயப் பிரஷ் நகர நகர, கதை தானாக வெளியே வந்தது. மனைவி திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணீர் கழுத்தில் இறங்கியபோதும் துடைக்கவில்லை. கதை முடிந்தபோது சாயம் தலையைத் தாண்டி வலது காது முழுக்க அப்பியிருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ரொட்டிக் கடையில் எல்லோரும் விசாரித்தார்கள். "வீட்டுல ரேடியோ கொஞ்சம் அதிகமா கேட்டுட்டேன், காது கருத்துப்போச்சு" என்று சொல்லிச் சமாளித்தார். மகள் வகுப்புக்குப் போகவில்லை. அந்தப் பேச்சும் அதோடு முடிந்தது.

ஆக, பேப்பர் வாசித்த அன்று சாயங்காலம் மெக்கானிக் தங்கையிடம் போய், "அந்தச் செய்தியை வாசிச்சேன், மச்சான் முகம் செத்துப்போச்சு. என்னம்மா விஷயம்?" என்று கேட்டபோது, தங்கை விஷயத்தைச் சொல்லவில்லை. "அந்தப் பேப்பரை மட்டும் குடுண்ணா" என்றார்.

இலவசச் சட்ட உதவி மையம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே இருந்த வக்கீலம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். இடுப்புக்குச் சற்று மேலே தொங்கும் அடர்த்தியான பின்னல். தொழில்காரர் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு ரேடியோவையும் மனைவியையும் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி விளக்கினார்.

"போலீஸ்ல புகார் குடுக்கலாம். ஆனா அந்தச் சாமி செத்துட்டார்னு சொல்றீங்க. செத்தவர் மேல வழக்கு நடக்காது."

"அவர் மேல்கோர்ட்டுக்குப் போயிட்டார்" என்றார் ரேடியோ, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"அதேதான். ரெண்டாவது, மறைமாவட்டமே ஒரு இழப்பீட்டுக் குழு வெச்சிருக்கு. அங்க மனு போடலாம். சீக்கிரம் முடியும், கோர்ட், குறுக்கு விசாரணை எதுவும் இல்ல. ஆனா அவங்க குடுக்கிறதை வாங்கிக் கையெழுத்துப் போட்டா அப்புறம் வழக்குப் போட முடியாது. மூணாவது, சிவில் வழக்கு. இவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சும் ஊர் ஊரா மாத்தி அனுப்பினாங்களான்னு அவங்க கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். வருஷக்கணக்கா இழுக்கும். தோத்தாலும் தோக்கலாம். உங்க பேரை வெளிய விடாம நடத்தலாம். வழக்குல பேருக்குப் பதிலா ஒரு எழுத்து மட்டும் இருக்கும். இதுல எதையும் செய்யாம வீட்டுக்குப் போறதும் ஒரு வழிதான். அதுக்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது."

ரேடியோ மனைவியைப் பார்த்தார். "மயிரைக் கட்டி மலையை இழுப்போம். வந்தா மலை, போனா மயிர். மயிர்தானே நம்ம தொழிலே" என்றார். வக்கீலம்மா சிரித்துவிட்டார். வழக்குப் போடுவது என்று முடிவானது.

முடிவு சுலபமாக வந்தது. வாக்குமூலம்தான் வரவில்லை. என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லியாக வேண்டும். வக்கீலம்மா எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "மெதுவா சொல்லுங்க" என்பார். ரேடியோ அந்த அலுவலகத்து ஃபேன் ஆடுவதைப் பற்றிச் சொல்வார், குமாஸ்தா வகிடு கோணலாக எடுப்பதைப் பற்றிச் சொல்வார், பிறகு வாயில் பூட்டு. அடுத்த தடவையும் அப்படியே. இனிமையான ஒரு மனநல ஆலோசகரை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தும் பார்த்தார்கள். எதிரே இரண்டு முகம் ஆனதுதான் மிச்சம். சட்டம் திறந்துவைத்த கதவோ நாளுக்கு நாள் சாத்திக்கொண்டு வந்தது.

படியிறங்கும்போது மனைவி மட்டும் திரும்பி மேலே போனார். "வக்கீலம்மா, தப்பா நினைக்காதீங்க. அவரை நாற்காலியில உக்காரவெச்சா ஆயுசுக்கும் பேசமாட்டார். நீங்க வந்து உக்காருங்க."

வக்கீலம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. காதில் சாயம் பட்ட கதையைக் கேட்டபின் விளங்கியது.

கடைக்கு விடுமுறை நாளில் வந்தார். கதவைப் பாதி இறக்கியாயிற்று. போனில் பதிவை ஓடவிட்டு, பவுடர் டப்பாவுக்கும் சீப்பு ஊறும் கண்ணாடிக் குவளைக்கும் நடுவே வைத்தார். பின்னலை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோ வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்தில் முடிச்சிட்டார்.

"நுனி மட்டும்ங்க. அரை விரல் போதும்."

"அரை விரல்தான்மா" என்றார் ரேடியோ.

தண்ணீர் தெளித்தார், சீவினார், கத்தரியை எடுத்தார். முதலில் வெயிலைப் பற்றிப் பேச்சு. பிறகு வக்கீலம்மாவின் முடி நல்ல ரகம் என்று. பிறகு தன் அம்மாவுக்கும் இப்படித்தான் முடி இருக்கும் என்று. அம்மா பூசைக்குப் போகும்போது முக்காடு போட்டும் அடங்காது என்று. அங்கிருந்து பேச்சு கோயிலுக்குள் போய்விட்டது. உடுப்பு அறைக்குள் போய்விட்டது. அந்த அலமாரியின் வாசனை, தாழ்ப்பாள் சத்தம், வெளியே யாரோ துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தது, எல்லாம் சொன்னார். குரல் உயரவில்லை, உடையவும் இல்லை. கத்தரி சீராக ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா துணிக்கு அடியில் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை.

"அவ்வளவுதான்" என்று ரேடியோ சொன்னபோது எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். வக்கீலம்மாவின் முடி காதோடு நின்றிருந்தது. இடுப்பு வரை இருந்தது முழுவதும் தரையில் கிடந்தது. ரேடியோ கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஐயையோ" என்றார்.

"அரை விரல்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்கம்மா."

வக்கீலம்மா பிடரியைத் தடவிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது கதைக்காகவா முடிக்காகவா என்பதில் ரேடியோவுக்கு இன்றுவரை சந்தேகம். "சரி விடுங்க. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என்னை அடையாளம் தெரியாது. அதுவும் நமக்கு நல்லதுதான்" என்றார். மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வக்கீலம்மா போனை அணைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துத் தன் முடியைத் தானே கூட்டினார்.

சட்டத்தின் கதவு சாத்துவதற்குள் வழக்கு பதிவாகிவிட்டது. கோர்ட்டில் ரேடியோவுக்கு ஓர் எழுத்துதான் பெயர். "இருந்த பட்டப்பெயர் போதாதுன்னு இது வேறயா" என்று அலுத்துக்கொண்டார். அந்தச் சாமியைப் பற்றிய கோப்புகளை எடுத்துவரச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். அதுவரை எதற்கும் அசையாதிருந்த மறைமாவட்டம் கோப்பு என்றதும் அசைந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார்கள். நஷ்ட ஈடு தருகிறோம். ஆயர் மன்னிப்பு கேட்பார். ஒரே ஒரு நிபந்தனை: இதைப் பற்றி ரேடியோ இனி யாரிடமும், எங்கேயும், எக்காலத்திலும் பேசக் கூடாது. மீறினால் எல்லாம் ரத்து.

மெக்கானிக்குக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. முதலில் கோபத்தில் கோயில் கதவை உடைக்கப் போகிறேன் என்று கிளம்பியவர், இப்போது நிதானமாக யோசனை சொன்னார்.

"மச்சான், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. வாங்கிட்டு வாயை மூடிக்கலாமே? இத்தனை வருஷம் மூடித்தானே இருந்தீங்க?"

வக்கீலம்மாவும் தட்டிக்கழிக்காமல் சொல்லியிருந்தார்: மறுத்தால் வழக்கு நடக்கும், மறைமாவட்டம் புதுச் சட்டமே செல்லாது என்று மேலே போகலாம், கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது ரேடியோவின் முடிவு. ரேடியோ அந்த வாரம் முழுக்க கடையில் வானிலை மட்டும் வாசித்தார்.

சமரசக் கூட்டம் ஒரு நீள மேஜையில் நடந்தது. எதிர்ப்பக்கத்தில் மறைமாவட்டத்தின் வக்கீல், ஆயர் இல்லத்திலிருந்து வந்த இளம் சாமியார் ஒருவர். இந்தப் பக்கத்தில் வக்கீலம்மா, ரேடியோ, மனைவி. வக்கீலம்மாவின் முடி தோளைத் தொட வளர்ந்திருந்தது. நிபந்தனைகளை வாசித்து முடித்து, பேனாவை மேஜைமீது நகர்த்தினார் எதிர்த்தரப்பு வக்கீல். ரேடியோவின் வாய் வழக்கம்போல் பூட்டிக்கொண்டது. எதிரே இரண்டு முகம். பேனாவைக் கையில் எடுத்தார். மனைவி அவரைப் பார்க்காமல், தன் நாற்காலியை மேஜைப் பக்கம் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் கிடைத்தது.

ரேடியோ பேனாவை வைத்தார். எழுந்தார். "நின்னுக்கிட்டுப் பேசலாமா?" என்றார். போய் மனைவியின் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பார்வை மனைவியின் உச்சந்தலையில் இருந்தது.

"அந்த அறையை விட்டு வெளிய வரும்போதெல்லாம் அந்தச் சாமி என்கிட்ட ஒண்ணு சொல்லுவார். யார்கிட்டயும் சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லுவார். நான் சின்னப் பையன், கேட்டுக்கிட்டேன். இப்போ நீங்களும் அதையேதான் டைப் அடிச்சுக் கொண்டுவந்திருக்கீங்க. வார்த்தை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எனக்கு உங்க பணம் வேணாம்னு சொல்லலை. கோர்ட்டு எத்தனை வருஷம் இழுத்தாலும் சரி, இதுல மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன். அவர் இருந்த ஒவ்வொரு கோயில்லயும் அவர் பேரைச் சொல்லி, இவர் இப்படிச் செஞ்சார்னு வாசிங்க. அதையும் எழுதுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளம் சாமியார் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அந்த நிபந்தனையை அடிச்சு எடுத்துருங்க. ஆயர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசவும் செய்தார் போலிருக்கிறது. திருத்திய ஒப்பந்தம் வர நாளானது, ஆனால் வந்தது. நிபந்தனை இல்லை. பெயரை வாசிப்பது இருந்தது.

தொகை எவ்வளவு என்று தெருவே கேட்டுப் பார்த்துவிட்டது. ரேடியோ வாசிக்காத செய்தி இப்போது அது ஒன்றுதான். கடைக்குப் புது நாற்காலி வந்தது. முட்டிக்கு நல்ல டாக்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி பூசைக்குப் போனால் கூடவே போய், வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் யார் பின்னாலாவது நின்று பேசிக்கொண்டிருப்பார். உள்ளே போவதில்லை. கடையில் யாராவது கேட்டால், வெயிலைச் சொல்கிற அதே குரலில் தன் கதையையும் சொல்வார். சிலர் அடுத்த தடவை ஏசி கடைக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள். வக்கீலம்மாவும் வருவார், அரை விரல் வெட்டிக்கொள்ள. உட்கார்ந்ததும், "இன்னிக்கு வெயில் மழை மட்டும் பேசுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

சென்ற வாரம் பகலில் ஒருவர் வந்தார். வெளியூர், கையில் பயணப் பை, சட்டையெல்லாம் பஸ் கசங்கல். வெட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றுமில்லை.

"ரேடியோங்கறது நீங்கதானா?"

"பாடுறது கேக்கலையா? உக்காருங்கண்ணே" என்றார் ரேடியோ. துணியைப் போர்த்தி, காதோரம் இருந்த கொஞ்ச முடியைச் சீவிக்கொண்டே வெயிலைப் பற்றி ஆரம்பித்தார். வந்தவர் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்க் கோயில்ல அந்தச் சாமி பேரை வாசிச்சாங்க" என்றார். "நானும் அங்க பூசைக்கு உதவி செஞ்ச பையன்."

ரேடியோ கத்தரியைப் பார்த்தார். அதை மூடி, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். சீப்பையும் வைத்தார். பெஞ்சில் இருந்த மெக்கானிக் ஒன்றும் கேட்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைப் பாதி இறக்கிவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கண்ணே" என்றார் ரேடியோ. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தெருவில் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். பட்டப்பகலில் அந்தக் கடையிலிருந்து சத்தமே வராதது அவருக்குப் பெரிய அதிசயம்.

"என்னங்க, ரேடியோ ரிப்பேரா?"

"இல்லை" என்றார் மெக்கானிக். "உள்ள ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கார். ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கு."